கணக்கில் வராத அச்சம்

என் தங்கை அரியலூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவர் வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறார். மூத்த மகள் பெரம்பலூரில் உள்ள கல்லூரி ஒன்றில் இளங்கலை முதலாண்டு பயில்கிறாள். இரண்டு ஊர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவில்தான் தொலைவு. காலையில் பேருந்தேறி மாலையில் வீடு திரும்பிவிடுவாள்.

ஒரு நாள் இரவு தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, பிள்ளையை இனிக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாமென்று நினைக்கிறேன். காலம் கெட்டுக் கிடக்கிறது. கைப்பேசியைத் திறந்தாலே கொலையும் கொள்ளையுமாக இருக்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் அவளுடைய அத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நேரில் வந்து பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றிரவே குறிப்புகள் எடுக்க அமர்ந்தேன். ஆசிரியத் தொழிலில் ஊறியவர்களுக்கு இஃதொரு பழக்கம். அச்சத்தைப் புள்ளிவிவரத்தால் வென்றுவிடலாம் என்று நம்புவோம்.

மறுநாள் தங்கை வீட்டுக் கூடத்தில் என் விளக்கவுரை தொடங்கிற்று. நம் நாட்டில் 1953ஆம் ஆண்டு முதல் குற்றங்கள் பற்றிய ஆண்டறிக்கை வெளிவருகிறது. 1986இல் தோன்றிய தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இன்று அதனைத் தொகுத்து வழங்குகிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய ஊர் கெட்ட ஊராகவும் சிறிய ஊர் நல்ல ஊராகவும் தோன்றும். ஆதலால் ஓர் இலட்சம் மக்களுக்கு இத்தனை என்று விகிதம் காண்பர். 2022ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின. இலட்சத்துக்கு 2.1 என்பது அதன் விகிதம்.

விகிதமும் ஏமாற்றக் கூடும் என்பதையும் சொன்னேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் வாழ்ந்தோர் 5,65,223 பேர். அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். பெரம்பலூரில் ஓராண்டில் ஆறு கொலைகள் கூடினால் விகிதம் ஒன்றுக்கு மேல் உயர்ந்துவிடும். அதே கணக்கில் 46,46,732 பேர் வாழ்ந்த சென்னையில் ஆறு கொலைகள் கூடினால் விகிதம் 0.13 அளவே உயரும். ஒரே குடும்பப் பகையில் விழுந்த வெட்டு ஒரு சிறிய மாவட்டத்தையே அஞ்சத்தக்க இடமாகக் காட்டிவிடும். அமெரிக்காவில் 1930 முதல் இத்தகைய கணக்கைத் திரட்டிவரும் எஃப்.பி.ஐ. என்னும் அமைப்பும், இவ்வெண்களைக் கொண்டு நகரங்களைத் தரவரிசைப்படுத்த வேண்டாமென்று எச்சரித்து வந்துள்ளது. அங்குள்ள நடுத்தர நகரங்களுக்குப் பொருந்தும் அந்த எச்சரிக்கை நம் ஊர்களுக்கும் பொருந்துவதே.

"அஞ்ச வேண்டியதற்கு நீ அஞ்சவில்லை" என்று தங்கையிடம் மேலும் சொன்னேன். 2022இல் தமிழ்நாட்டில் பதிவான கொலைகள் 1,700க்குச் சற்றுக் குறைவு. அதே ஆண்டில் சாலை விபத்தில் மாண்டவர்கள் 17,884 பேர். ஏறத்தாழப் பத்து மடங்கு! பெரம்பலூர் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். அரியலூர்ச் சாலைகளிலோ சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய கனரக வண்டிகள் அல்லும் பகலும் ஓடுகின்றன. "உன் இளைய மகன் தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வண்டியில் பறக்கிறானே, அதற்கு நீ ஒரு நாளாவது உறக்கம் இழந்ததுண்டா?" என்று கேட்டேன். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருத்தலை அறியாமை என்றும், அதற்கு அஞ்சுதலை அறிவுடையார் தொழில் என்றும் வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வகுத்திருப்பதை எடுத்துக்காட்டினேன்.

அரியலூர்க்காரர்களுக்கு மருதையாற்றை நினைவூட்ட வேண்டியதில்லை. 1956 நவம்பரில் பெருவெள்ளம் அவ்வாற்றின் இரயில் பாலத்தைச் சிதைக்க, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அதே ஆற்றின் பாலம் 1987 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, மலைக்கோட்டை விரைவு வண்டியில் வந்தவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னது குற்றம், முன்னது விபத்து. குற்றக் கணக்கில் முன்னதற்கு இடமில்லை. ஆயினும் அன்று இறந்தவர்களின் வீடுகளில் எழுந்த அழுகை ஒன்றுதானே? "ஆகவே ஓர் ஊரின் பாதுகாப்பைக் குற்ற எண்ணிக்கை முழுமையாகச் சொல்லிவிடாது, எந்தத் தீங்கு எதில் எழுதப்படுகிறது என்று பார்க்க வேண்டும்" என்று முடித்தேன். நன்றாகப் பேசிவிட்டதாகவே எனக்குத் தோன்றிற்று.

அதுவரை கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"மாமா, நீங்கள் சொன்ன கணக்கில் நான் இருக்கிறேனா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் தலையைக் குனிந்தவாறே சொன்னாள். இரண்டு மாதங்களாகப் பேருந்து நிலையத்தில் ஒருவன் அவளைப் பின்தொடர்கிறான். பேருந்திலும் அருகில் வந்து நிற்கிறான். காதில் விழும்படி சொல்லத்தகாதன சொல்கிறான். இடம் மாறி அமர்ந்தும் பயனில்லை.

தங்கை பதறிப்போனாள். "ஏனடி என்னிடம் சொல்லவில்லை?" என்றாள்.

"சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை அம்மா. இப்போது சொல்லாமலே நிறுத்தப் பார்க்கிறீர்கள்."

கூடத்தில் யாரும் பேசவில்லை. என் கையிலிருந்த குறிப்புத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. அது மாநிலத்தின் அறிக்கையில் எவ்வாறு ஏறியிருக்கும்?

அன்றிரவு நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன். குற்றக் கணக்கு என்பது நடந்தவற்றின் கணக்கன்று, எழுதப்பட்டவற்றின் கணக்கு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருப்பினும் அவற்றுள் கடுமையான ஒன்றே எண்ணப்படும். வீட்டுக்குள் புதைந்தது எண்ணப்படுவதேயில்லை. குற்றம் கூடுவது வேறு, குற்றப் பதிவு கூடுவது வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் குறிப்பிடுகிறது. எண்ணிக்கை உயர்ந்த ஊரில், ஒருவேளை, மக்கள் துணிந்து புகார் சொல்கிறார்கள் என்று பொருள். எண்ணிக்கை தாழ்ந்த ஊரில், ஒருவேளை, பெண்கள் வாய்மூடி நடக்கிறார்கள் என்று பொருள். அந்த வாயை மூடுபவர் யார்? தீயவன் ஒருவன் மட்டும் அல்லன்; "இனி வெளியே போகாதே" என்னும் நம் அன்பும் அதில் பங்கு கொள்கிறது. துன்பம் செய்தவன் தெருவில் உலவ, துன்பம் பட்டவள் வீட்டில் அடைபடுவாள் என்று தெரிந்தபின் எந்தப் பெண் வந்து சொல்வாள்?

சட்டம் இதில் நம்மினும் முன்னே சென்றிருக்கிறது. 1998இல் சென்னையில் கேலி செய்தோரால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததைத் தொடர்ந்து, பொது இடங்களில் பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச்சட்டம் கண்டது. பெண்ணைப் பின்தொடர்தல் 2013 முதல் நாடு முழுவதும் தனிக் குற்றம். காவல்துறை தானே புலனாய்வு செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் அதனைப் பதிவு செய்தே ஆக வேண்டுமென்று அதே ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின்படி, குற்றம் எவ்விடத்தில் நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். சட்டம் வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அவ்வாயில்வரை பெண் நடந்து செல்ல வீடு துணை வரவேண்டும்.

பாதுகாப்பை எதனால் அளப்பது? வழிப்பறியைப் பற்றி ஒருவர் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருகிருந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் கூறிய செய்தி புகாரீ நூலில் இடம்பெற்றுள்ளது. ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் ஒட்டகச் சிவிகையில் புறப்பட்டு, இறைவனையன்றி வேறு எவருக்கும் அஞ்சாமல் மக்காவந்து கஅபாவை வலம்வருவாள். நீர் நெடுநாள் வாழ்ந்தால் அதனைக் காண்பீர் என்பது அதன் சாரம். அக்காட்சியைப் பின்னாளில் தாம் கண்டதாக அதீ (ரலி) அவர்களே அறிவித்திருக்கிறார்கள். கள்வர் இத்தனை பேர் குறைந்தனர் என்று அங்கே அளவு சொல்லப்படவில்லை. ஒரு பெண் அச்சமின்றிச் சென்று சேர்வதே அளவுகோலாயிற்று. அவளைப் புறப்படாமல் தடுத்து வைப்பதன்று அங்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு. அவள் செல்லும் வழியைச் செம்மையாக்குவதே.

மறுநாள் காலை மருமகளே புகாரை எழுதினாள். தமிழ் மாணவியல்லவா, எழுத்துப் பிழையின்றி எழுதினாள். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு மூவரும் சென்றோம். அதுவரை காவல் நிலையப் படி மிதித்தறியாத என் தங்கை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வழக்குப் பதிவாயிற்று. முதல் தகவல் அறிக்கையின் படி ஒன்றைக் கட்டணமின்றித் தந்தனர். அது புகார் தருவோர்க்குச் சட்டம் வழங்கும் உரிமை. அதற்குப்பின் அவன் பேருந்து நிலையத்துப் பக்கம் வரவில்லை.

வீடு திரும்பும் வழியில் தங்கை மகளிடம் சொன்னாள்: "இனி எது நடந்தாலும் சொல். சொன்னதற்காக உன் படிப்பு நிற்காது." தொலைபேசியில் தந்தையும் அதையே சொன்னார். தலைக்கவசம் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாதென்று இளையவனுக்கும் அன்றே கட்டளை பிறந்தது.

அந்த ஆண்டுக் கணக்கில் எங்கள் மாவட்டத்தின் குற்ற எண்ணிக்கை எங்களால் ஒன்று கூடியிருக்கும். அறிக்கையைப் படிப்பவர் எவரேனும் ஊர் கெட்டுப்போயிற்று என்று கவலைப்படவும் கூடும். நாங்கள் அறிவோம், அந்த ஒன்று கூடிய நாளிலிருந்துதான் எங்கள் வீட்டுப் பெண் அச்சமின்றிப் பேருந்தேறுகிறாள். பெண்மக்களைப் பெற்ற பெரியோர்கள் என் தங்கை தந்த அந்த ஒரு வாக்குறுதியைத் தம் பிள்ளைகளுக்கும் தருவார்களாயின், நம் ஊர்களின் குற்றக் கணக்கு சில காலம் உயரக்கூடும். உயர்ந்தால் உயரட்டும்; நம் பிள்ளைகள் அஞ்சாமல் நடக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.