தொட்டியில் இருந்த மீன் எங்கே போனது?

ராத்திரி தீனி போட்டபோது ஐந்து மீன். காலையில் எண்ணினால் நான்கு. மோட்டார் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, கற்கள் வைத்த இடத்தில் இருக்கின்றன. ஒரு மீனை மட்டும் காணோம்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தூத்துக்குடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் தண்ணீர் ஊற்றி மீன் வளர்ப்பவரை வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். இதில் மீனும் காணாமல் போனால் கேட்கவே வேண்டாம். முதல் பழி பூனைக்கு. அடுத்தது வீட்டின் சின்னப் பையனுக்கு. அதற்கும் மேலே போய் வேலைக்கு வரும் அக்காவைச் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. சுண்டுவிரல் அளவு மீனை எடுத்துக்கொண்டு போய் அவர் என்ன குழம்பா வைக்கப்போகிறார்?

யாரையும் கேட்கும் முன்பு தரையைப் பார்ப்பது நல்லது. கடல் மீன்களில் துள்ளுகிறவை அதிகம். ராஸ், கோபி வகைகள் மிரண்டால் மூடியின் சின்ன இடைவெளி வழியாகக்கூட வெளியே விழுந்துவிடும். தொட்டியின் பின்னால், ஒயர்களுக்கு நடுவே கருவாடாகக் கிடக்கும்.

தரையில் இல்லையென்றால் மணல். ராஸ் மீன்களில் பல வகை, இருட்டியதும் மணலுக்குள் புதைந்து தூங்கும். புதிதாக விட்டது என்றால் சில நாள்கூடத் தலைகாட்டாது. அவசரப்பட்டுக் கற்களைப் பிரித்தால்தான் அது உண்மையிலேயே நசுங்கிச் சாகும்.

ஆனால் ஒரேயடியாகச் சும்மாவும் இருக்க முடியாது. மீன் செத்துக் கல்லிடுக்கில் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். சின்னத் தொட்டியில் மிச்சம் இருக்கும் நான்குக்கும் அதுவே எமன். அதனால் கல்லைத் தொடாமல் தண்ணீரைப் பரிசோதிப்பதுதான் முதல் விசாரணை. செத்த மீனை நண்டும் முள்புழுவும் ஒரே ராத்திரியில் தின்று தீர்த்துவிடுவதும் உண்டு. சினிமாவில் சடலத்துக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பிடித்து உள்ளே போடுவதுபோல, கொலைப் பழியும் அவற்றின் மேல்தான் விழும். பாவம், பெரும்பாலும் அவை துப்புரவு வேலைதான் பார்த்திருக்கும்.

உண்மையான கொலைகாரனும் சில சமயம் சிக்குவான். இங்கிலாந்தின் நியூக்கே நகரில் உள்ள புளூ ரீஃப் மீன் காட்சிசாலையில் 2009-ல் நடந்தது இது. மாதக்கணக்கில் தொட்டியிலிருந்த பவளங்களை ஏதோ ஒன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தது. டேங் மீன் ஒன்று காயத்தோடு கிடந்தது. ஊழியர்கள் பொறி வைத்தார்கள். காலையில் பொறி பிய்ந்து கிடந்தது. தூண்டில் முள்ளோடு இரை வைத்தார்கள். அதையும் காணோம். வேறு வழியில்லாமல் தொட்டியில் இருந்த பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்தபோது உள்ளே சுருண்டு கிடந்தது நாலு அடி நீளப் புழு! சின்னதாக இருந்தபோது பாறையோடு சேர்ந்து வந்து, யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்க வேண்டும். ஊழியர்கள் அதைக் கொல்லவில்லை. பேரி என்று பெயர் வைத்துத் தனித் தொட்டி கொடுத்தார்கள்.

அதே நாட்டில், 1872-ல் திறக்கப்பட்ட பிரைட்டன் காட்சிசாலையில் திருடன் பக்கத்து வீட்டுக்காரன். ஒரு தொட்டியிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு நாள் காலை, அடுத்த தொட்டி ஆக்டோபஸ் அங்கே உட்கார்ந்திருந்தது. ராத்திரியில் சுவரேறி வந்து தின்றுவிட்டு, விடிவதற்குள் வீடு திரும்பிக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

தொட்டி என்றால் கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவில் எதைப் புரட்டுவது? ஒரு வருடம் சிப்பி குவிந்து கிடக்கும் பார், அடுத்த முறை போனால் வெறுமையாக இருக்கும். இதற்குக் காரணம் தேடித்தான் 1902-ல் ஹெர்ட்மேன், ஹார்னெல் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கைப் பக்கத்துப் பார்களில் இறங்கினார்கள். திருக்கை, கிளாத்தி மீன்கள், மூடிவிடும் மணல் என்று அவர்கள் பட்டியலில் சந்தேக நபர்கள் பலர். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்துநகர் எக்ஸ்பிரஸ் மட்டும் இன்றும் ஓடுகிறது.

மீன் ஒளிந்துகொள்ள சிப்பியும் ஓர் இடம்தான். விலாங்குபோல மெலிந்த 'முத்துமீன்' என்றொரு வகை இருக்கிறது. அதில் பல, கடல் அட்டையின் பின்பக்கத் துவாரம் வழியாக உள்ளே போய்க் குடியிருக்கும். சில சிப்பிக்குள் நுழையும். உள்ளேயே செத்துப்போனால், சிப்பி அதன் மேல் முத்துப்பூச்சைப் பூசி மூடிவிடும். ஓட்டின் உள்பக்கம் மீன் வடிவத்திலேயே பளபளக்கும் அப்படிப்பட்ட சிப்பிகள் கிடைத்திருக்கின்றன. அந்த மீனுக்கு அப்படிப் பெயர் வந்ததும் அதனால்தான்.