கிரில் கதவில் தொங்கும் தோரணம்

சிங்கப்பூர்த் தமிழரின் வீட்டு அலங்காரம் பெரும்பாலும் வாசல் அலங்காரமே. சுவருக்கு வண்ணம் பூசுவதும் நாற்காலி மேசைகளை மாற்றுவதும் கையில் பணம் உள்ளபோது நடப்பவை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாசலில் ஒன்றைக் கட்டுவதோ வரைவதோ பணத்தைப் பார்த்து நடப்பதன்று. ஆனால் அந்த வாசல் முற்றமும் திண்ணையும் உடைய வாசலாக இல்லை. 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது பேச்சில் வீவக எனச் சுருங்கிய அமைப்பு, கட்டிய அடுக்குமாடி வீடுகளிலேயே நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்வதால், வாசல் என்பது ஒரு மரக்கதவும், அதற்கு முன்னே ஓர் இரும்புக் கிரில் கதவும், வெளியே அண்டைவீட்டாரும் நடந்துபோகும் பொது நடைவழியும் என்றாகிவிட்டது. தீப்பாதுகாப்பு விதிப்படி அந்நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ஆணி அடிக்காமலும் வழியை அடைக்காமலும், சில வெள்ளிச் செலவில் (டாலரை இங்குத் தமிழர் வெள்ளி என்றே சொல்வர்) அழகு செய்ய வேண்டிய நெருக்கடியே இங்குள்ள வாசல் கலைக்கு அதன் இன்றைய வடிவத்தைக் கொடுத்திருக்கிறது.

இக்கலைக்கான பொருளும் கைத்திறனும் ஒருசேரக் கிடைக்குமிடம் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்கா வட்டாரம். பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் பூக்கடைகள் உள்ளன. கேம்பல் லேனில் உள்ள ஜோதி ஸ்டோர் 1960இல் தொடங்கப்பட்டது. மல்லிகை தமிழகத்திலிருந்து விமானத்தில் வருகிறது. சாமந்தி மலேசியாவின் கேமரன் மலையிலிருந்தும் வருகிறது. கடை முகப்பில் அமர்ந்து மாலை கட்டுபவரை உற்றுப் பார்த்தால், இந்த வேலையில் விலை உயர்ந்தது பூவா விரலா என்ற ஐயத்துக்கு இடமிராது. மாலை செய்வதில் கோத்தல், தொடுத்தல் என இருவகை உண்டு. ஊசியால் பூவின் நடுவே நூலைச் செலுத்துவது கோத்தல், பூவைத் துளைக்காமல் காம்பை முடிச்சில் பிடிப்பது தொடுத்தல். தொடுப்பவர் இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இரண்டு பூக்களை ஒருபுறமும் இரண்டை மறுபுறமுமாகக் காம்போடு காம்பு பொருந்த வைத்து, வலக்கையால் நனைந்த நாரையோ நூலையோ ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் எடுத்து, அதைக் காம்புகளின்மேல் மாட்டி இழுக்கிறார். இழுப்பு தளர்ந்தால் பூ உதிரும், மிகுந்தால் காம்பு அறுபடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவைச் சொல்லித் தர முடியாது, சில நூறு முடிச்சுகளுக்குப் பின் கை தானே அறிந்துகொள்ளும். கட்டுபவர் பூவைப் பார்ப்பதே இல்லை. வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டிருக்கும்போதும் சரம் மடியில் நீண்டுகொண்டே போகிறது. தேசிய மரபுடைமைக் கழகம் தன் மரபுடைமைப் பட்டியலில் மாலை தொடுத்தலையும் சேர்த்திருப்பது பொருத்தமே.

வீட்டில் தாமே செய்ய விரும்புவோர்க்கு எளியது மாவிலைத் தோரணம். இலையின் காம்பை நூலின்மேல் மடித்து, இலையின் நடுநரம்புக்கு அருகே சிறு கீறலிட்டுச் செருகினால், ஒட்டுப் பசையோ ஊசியோ வேண்டியதில்லை. மாமரம் அடுக்குமாடிப் புளோக்கின் கீழேயே நின்றாலும், பொது இடத்து மரத்தில் அனுமதியின்றிப் பறிப்பது விதிமீறலாதலால், பண்டிகைக் காலத்தில் தேக்காவில் கட்டாக விற்கும் இலையை வாங்குவதே முறை. குருத்தோலைத் தோரணம், அதாவது தென்னையின் விரியாத இளமஞ்சள் ஓலையை மடித்துச் செய்வது, சற்றுக் கடினமானது. மடித்துத் தொங்கவிடும் உருவங்களைக் ‘குருவி’ என்பர். மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி, துக்க வீட்டுத் தோரணத்துக்கு மூன்று குருவி என்பது ஒரு மரபு. சிக்கனம் கருதி ஒரு குருவியைக் குறைப்பவர், மரபறிந்த அண்டைவீட்டாரைக் கதவு தட்டித் துக்கம் விசாரிக்க வைத்துவிடுவார். கேம்பல் லேன் கடைகளில் பிளாஸ்டிக் பையில் தொங்கும் ஆலைத் தோரணங்கள் இத்தொல்லைகள் இல்லாதவை. பல ஆண்டு உழைக்கும், பல ஆண்டும் ஒரே தூசியைச் சுமக்கும்.

தோரணம் ஆணியிலிருந்து கிரில் கம்பிக்கு இடம் மாறியதைவிடப் பெரிய மாற்றம் கோலத்துக்கு நேர்ந்தது: அது தரையை விட்டுப் பலகையில் ஏறியது. நடைவழி பலர் நடப்பதும் துப்புரவாளர் கழுவுவதும் ஆகும். தீபாவளியை ஒட்டிய பிற்பகல் இடிமழையும், பொங்கல் நாளிலும் ஓயாத வடகிழக்குப் பருவச் சாரலும் திறந்த நடைவழிக்குள் வீசும். ஆகவே பலர் ஒட்டுப்பலகையிலோ தடித்த அட்டையிலோ அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்து, வேண்டும்போது எடுத்துவைக்கின்றனர். எறும்புக்கு உணவாகும் அரிசிமாவுக் கோலத்தின் அறம் இதில் இல்லை என்ற குறை நியாயமானது. ஆனால் கணக்கு அப்படியே இருக்கிறது. புள்ளிகளை நேர்வரிசையில் வைப்பது நேர்ப்புள்ளி, ஒரு வரிசையின் புள்ளிகளை முந்தைய வரிசையின் இடைவெளிகளுக்கு நேரே வைப்பது ஊடுபுள்ளி அல்லது இடைப்புள்ளி. ஏழு புள்ளியில் தொடங்கி இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு எனக் குறையும் ஊடுபுள்ளிக் கோலத்தில் 37 புள்ளிகள் வரும். புள்ளிக்குப் புள்ளி 5 சென்டிமீட்டர் விட்டால் நடுவரிசை 30 சென்டிமீட்டரில் அடங்கும். கதவோரத்தில் சாய்த்துவைக்கும் சிறு பலகைக்கு இது போதும்.

இக்கலை சிறியதிலேயே நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2003 ஆகஸ்டில் வாம்போ சமூக மன்றத்தில் விஜயலட்சுமி மோகன் 256 சதுர மீட்டர் ரங்கோலி வரைந்து கின்னஸ் சாதனை படைத்தார். அதைவிட மலிவுப் பொருளின் எல்லையைக் காட்டியது 2022 ஜனவரியில் சுதா ரவியும் அவர் மகள் ரக்ஷிதாவும் செய்த படைப்பு: 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளால் ஆறுக்கு ஆறு மீட்டர் அளவில் தமிழ்ப் புலவர்களின் உருவங்களை அமைத்து, சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றனர். சதுர மீட்டருக்கு 700 குச்சிக்கு மேல் என்னும் இக்கணக்கை வீட்டளவுக்குச் சுருக்கினால், வட்ட அட்டை ஒன்றில் 15 பாகைக்கு ஒன்றாக 24 குச்சிகளைக் கதிர்போல் ஒட்டி, இடையே மணி பதித்து, கிரில்லில் கயிற்றால் கட்டலாம். செலவு இரண்டு மூன்று வெள்ளிக்குள் முடியும்; கோணம் தவறினால் மட்டும் முழுவதையும் பிரிக்க நேரும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். உருளி எனப்படும் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பிப் பூ மிதக்கவிடுவது அழகுதான். ஆனால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுவதாலும், அதற்கு வீட்டுக்காரர் தண்டம் கட்ட வேண்டியிருப்பதாலும், ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்ற இயலாதவர் அதைத் தவிர்ப்பதே நலம்.

இக்கலையைக் கற்க விரும்புவோர் தீபாவளிக்கு முந்திய வாரம் தேக்காவுக்குப் போக வேண்டா. அப்போது தென்படுவது கூட்டம் மட்டுமே. சாதாரண வார நாளின் காலையில் சென்று, ஒரு சரம் வாங்கி, அதை மாட்டுவதற்கு முன் ஒரு முடிச்சை மெல்லப் பிரித்துப் பார்க்க வேண்டும்.