எரிமலை இல்லாத லக்கல

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக லக்கலப் பகுதிக்குச் செல்லும் மலைப்பாதையில், மலையை வெட்டிய இடங்களிலெல்லாம் வெள்ளையுங் கறுப்புமாக வரிவரியான பாறைகளைக் காண்கிறோம். பிட்டவல பத்தனையிலோ பாறையின்மீது மெல்லிய மண்ணும் புல்லுமே போர்த்திருக்கின்றன. இம்மலைகளும் ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கியவையோ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்குரிய விடையைப் பாறைகளே கூறுகின்றன.

எரிமலையொன்றின் வரலாற்றை அறிஞர் எங்ஙனம் படிக்கின்றனர்? அது வெடிக்குந்தோறும் சாம்பலும் நுரைக்கல்லும் சுற்றுப்புறத்திற் படிகின்றன. கீழ்ப்படை முந்தியது; மேற்படை பிந்தியது. மலைவாயை நெருங்க நெருங்கப் படை தடிக்கும், கற்களும் பருக்கும். இரு படைகளுக்கிடையே மண் விளைந்திருந்தால், மலை நெடுங்காலம் உறங்கியது என்பது பொருள். சுமத்திராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தபோது பறந்த சாம்பல், ஆந்திர மாநிலத்து ஜுவாலாபுரத்தில் இன்றும் படையாகக் கிடக்கின்றது.

லக்கலவில் அத்தகைய சாம்பற்படையும் இல்லை, மலைவாயும் இல்லை. இங்குள்ள வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தவை அல்ல. பண்டைய மணல், களி, சுண்ணப் படிவுகளும் பழைய தீப்பாறைகளும் பூமியின் ஆழத்திற் புதைந்து, 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து நசுங்கியதால் உண்டானவை. இது நிகழ்ந்தது சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன். இலங்கை, தென்னிந்தியா, மடகாஸ்கர் முதலியன கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாக இணைந்த காலத்தில். மணல் குவார்சைற்றாயிற்று, களி, செந்நிறக் கார்னற் மணிகள் பொதிந்த நைஸ் பாறையாயிற்று, சுண்ணம் பளிங்குச் சுண்ணக்கல்லாயிற்று. மேலிருந்தவை காலப்போக்கில் தேய்ந்தொழிய, அன்று அடியிற் கிடந்தவை இன்று சிகரங்களாய் நிற்கின்றன. சிர்க்கோன் என்னும் சிறு மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறியுள்ள அளவைக் கொண்டே இக்காலத்தைக் கணித்தனர்.

கலைமேதை என நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்கள் முதலிற் படித்த ஏடு, இலங்கையின் பாறைகளே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராய் விளங்கிய அவர், நம் நாட்டுப் பளிங்குச் சுண்ணக்கல்லைப் பற்றியும் ஆராய்ந்தெழுதினார்.

கல்லை ஆராய்வதாற் பயன் யாதென்பார்க்கு அந்தச் சுண்ணக்கல்லே மறுமொழி. அது நீரிற் சிறுகச் சிறுகக் கரைந்து குகைகளைத் தோற்றுவிப்பது. சமனலவெவ நீர்த்தேக்கத்தில் 1992ஆம் ஆண்டு கரையினூடாக நீர் பீறிட்டதற்குக் காரணம், அங்குள்ள சுண்ணக்கற் குகைகளே. லக்கலவிலும் களு கங்கை நீர்த்தேக்கம் 2018இல் நிரம்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகர் நீருள் ஆழ்ந்தது. மக்கள் புதிய நகருக்குப் பெயர்ந்தனர். வீட்டையும் வயலையும் விட்டுக்கொடுத்தோரின் ஈகை பயன் தரவேண்டுமாயின், அந்நீரைத் தாங்கும் பாறையின் இயல்பை நாம் அறிந்தே தீரவேண்டும்.

மாணவர்களே, லக்கலவுக்குச் சென்றால் கல்லை உடைத்தெடுக்க வேண்டா. அது காக்கப்பட்ட வனம். வரி செல்லும் திசையையும் மணிகளின் நிறத்தையும் நோக்கிக் குறித்து வாருங்கள். கல்லைப் படிக்கக் கற்றவர்கள் நாளை நாட்டுக்குத் தேவை.