கோடைத் தீயும் நம் பெருநாள் பயணமும்



தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் எங்களுக்குக் கோடை என்பது வெயிற்காலம் மட்டுமன்று. மலையில் தீப்பிடிக்கும் காலமும் அதுவே. டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை ஓய்கிறது. ஜனவரியில் உயர்ந்த முகடுகளில் விழும் உறைபனி புல்லைக் கருக்குகிறது. பிப்ரவரி வெயில் அதைச் சருகாக்குகிறது. மார்ச் மாதம் பிறக்கும்போது, கோடைமழை இன்னும் எட்டாத சரிவுகளில் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் புல்தான் எஞ்சியிருக்கிறது.

இக்காலத்தில்தான் இப்போது நம் நோன்புப் பெருநாளும் வருகிறது. 2024இல் அது ஏப்ரல் 11. 2025இல் மார்ச் 31. பிறைக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வருவதால், இன்னும் சில ஆண்டுகளுக்குப் பெருநாள் தீப்பருவத்திலேயே அமையும். பெருநாளுக்கு மறுநாள் நம் பிள்ளைகள் மேகமலைக்கும், போடிமெட்டுக்கும், டாப் ஸ்டேஷனுக்கும் புறப்படுகிறார்கள். அரிசியும் இறைச்சியும் தேக்சாவும் வண்டியில் ஏறுகின்றன. மலைச்சரிவில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டுவது பயணத்தின் இன்பங்களுள் ஒன்றாகவே கருதப்படுகிறது. அந்த அடுப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் 30க்கும் மேற்பட்டோரைப் பிற்பகலில் காட்டுத்தீ சூழ்ந்தது. உயர்ந்த காய்ந்த புல், செங்குத்தான சரிவு, காற்று. தீயைவிட வேகமாக ஓட அவர்களால் இயலவில்லை. மலையிலும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். முதலில் உதவிக்கு ஓடியவர்கள் அவ்வட்டாரத்து மக்களே. கம்பிலும் துணியிலும் டோலி கட்டிக் காயமுற்றோரைச் சுமந்து இறக்கினார்கள். அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு தனி விதிகளை வகுத்தது.

தீ அத்துணை விரைவாகப் பரவியது எப்படி என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். வெப்பம், காற்றில் ஈரக்குறைவு, காற்றின் வேகம், மழையற்ற நாட்களின் நீளம் ஆகிய நான்கும் கூடும் நாளே தீக்கு உகந்த நாள். காய்ந்த புல் ஈரத்தை நெடுநேரம் தேக்கி வைப்பதில்லை. சுற்றியுள்ள காற்று உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதுவும் உலர்ந்துவிடும். காலையில் பனியில் நனைந்து காலை ஈரமாக்கிய அதே புல், நண்பகலில் எரிபொருள். வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி மலைமேல் ஏறத் தொடங்குகிறது. தீ மூண்டால் அக்காற்றே அதை மேலே தள்ளுகிறது. சுவாலை தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்துவதால், சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயணைப்போரின் பொதுக் கணக்கு.

ஆனால் வெயிலும் காற்றும் தாமாகத் தீ மூட்டுவதில்லை. நம் நாட்டுக் காட்டுத்தீக்களில் மிகப் பெரும்பாலானவை மனிதச் செயலால் உண்டாகின்றன: மேய்ச்சலுக்காகப் பழம்புல்லைக் கொளுத்துதல், தோட்டத்துச் சருகை எரித்தல், வீசியெறிந்த பீடித்துண்டு, அணையாத அடுப்பு. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயிடங்களைக் கண்டறிந்து வனத்துறைக்குச் செய்தி அனுப்புகிறது. எனினும் அதன்பின் மலையேறிச் சென்று பச்சைத் தழைகளால் தீயை அடித்து அணைப்பவர்கள் மனிதர்களே. ஒருவர் விட்டுச்சென்ற கங்குக்காக முன்பின் அறியாத மற்றொருவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இரவில் உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். சுண்டெலி திரியை இழுத்துச்சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் சொன்னார்கள். ஏற்றியவர் கண்ணயர்ந்த பின்னும் நெருப்பு விழித்திருக்கும் என்பதை நமக்கு உணர்த்தும் போதனை அது. நம் வீட்டு விளக்குக்குப் பொருந்துவது, நாம் மலையில் விட்டுவரும் அடுப்புக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அங்கே திரியை இழுக்க எலி வேண்டியதில்லை. பிற்பகல் காற்றே போதும்.

சென்ற ரமலானில் ஒரு நாள் தராவீஹ் தொழுது திரும்புகையில், மலையின் இருளில் சிவப்புக் கோடொன்று வளைந்து வளைந்து ஏறுவதைக் கண்டோம். பிள்ளைகள் அதை அழகென்றார்கள். எங்கள் வீட்டு நன்னி, “அங்கே பறவை கூடு கட்டியிருக்கும், காட்டெருமை கன்றோடு நிற்கும். இதை அழகென்று சொல்லலாமா, கண்ணு?” என்றார். பெருநாள் பயணப் பேச்சு எழுந்தபோதும் அவரே குறுக்கிட்டார். “மண்ணைப் போட்டு மூடிவிட்டுத்தான் வருவோம், நன்னி” என்று மூத்த பேரன் வாதாடினான். அவர் சிரித்தார். “அந்தக் காலத்தில் தீப்பெட்டியை மிச்சப்படுத்த, இரவில் கங்கைச் சாம்பலால் மூடிவைப்போம். விடியலில் கிளறி ஊதினால் அடுப்பு பற்றிக்கொள்ளும். மூடினால் நெருப்பு சாகாது, தம்பி; பத்திரமாக இருக்கும்.”

அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. அன்றுமுதல் எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். பிப்ரவரி முதல் மழை இறங்கும்வரை மலையில் அடுப்பு மூட்டுவதில்லை. பிரியாணி வீட்டிலேயே தம்மில் வெந்து, தேக்சாவோடு துணி சுற்றி வண்டியேறுகிறது. விறகடுப்பின் மணம் இல்லை என்ற குறை இளைஞர்களுக்கு உண்டு. அதை நாங்கள் மறுக்கவில்லை. வனத்துறை மூடிய பாதையில் செல்வதில்லை. புகை கண்டால் 101க்கு அழைத்துவிட்டு, மலைமேல் ஏறாமல் கீழிறங்க வேண்டும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். வேறெங்கேனும் அடுப்பு மூட்ட நேர்ந்தால், தண்ணீர் ஊற்றிக் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே வைத்துச் சூடில்லை என்று அறிந்தபின்னரே அவ்விடம் விட்டு அகல வேண்டும்.

குரங்கணி மலைகளிலிருந்து இறங்கிவரும் கொட்டகுடி ஆறுதான் வைகையில் கலக்கிறது. புல்லும் சருகும் எரிந்து வெறுமையான சரிவில் மழை விழுந்தால், நீர் மண்ணுக்குள் இறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. நாம் ஒளூச் செய்யும் நீரும், நோன்பு திறக்கையில் அருந்தும் நீரும் அம்மலை தேக்கிவைத்துத் தருபவையே. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

அந்த அமானிதத்தைப் பேணும் கவனத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக! மலைக்குச் செல்லும் அனைவரையும், அங்கே தீயோடு போராடும் அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.