காற்றுக்கும் ஒரு வாசல்

அருவியைக் காணச் செல்பவர் எவரும் அங்கே தங்குவதில்லை. பார்க்கிறோம், குளிக்கிறோம், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டு திரும்பிவிடுகிறோம். வீடோ நம்மை ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. ஆயினும் அதை நாம் நின்று பார்ப்பதில்லை. சென்ற கார்த்திகையில் ஓர் அருவியையும் ஒரு வீட்டையும் அடுத்தடுத்துக் கண்டோம். அந்த இரண்டு பயணங்களும் எங்கள் குடும்பத்தின் முடிவொன்றை மாற்றிவிட்டன.

எலவனாசூர்கோட்டையில் எங்களுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு உண்டு. முன்னே திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். அப்பா மறைந்தபின் அம்மா மட்டுமே அங்கு வசித்துவந்தார். வீட்டை இடித்து மாடி வீடு கட்டுவதென்று உடன்பிறந்தோர் நாங்கள் மூவரும் முடிவு செய்தோம். அம்மாவுக்குக் கண்ணாடிச் சன்னலும் குளிர்சாதன வசதியும் கொண்ட தனி அறை. வரைபடத்தைக் காட்டியபோது அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “உங்க விருப்பம்ப்பா” என்று மடித்துக் கொடுத்தார். அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டோம். அவர் கேட்டது ஒன்றுதான்: இடிப்பதற்கு முன் ஒருமுறை கல்வராயன் மலை அருவியைக் காண வேண்டும்.

கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம், கோமுகி அணை எனக் கடந்து, வெள்ளிமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் பெரியார் அருவியை அடைந்தோம். மழை ஓய்ந்த நேரமாதலால் நீர் நிறைந்திருந்தது. பாறை இடுக்குகளில், வந்துபோனவர்கள் விட்டுச்சென்ற ஷாம்பு உறைகளும் நெகிழிக் குப்பிகளும் கிடந்தன. நாங்கள் குளித்தோம். அம்மா குளிக்கவில்லை, ஒரு பாறையில் அமர்ந்து, காற்று அள்ளிவந்த சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். “மழை நாள்ல நம்ம முற்றத்துலயும் இப்படித்தான் சாரல் அடிக்கும். உங்க அப்பா கட்டிலை அங்கேதான் போடச் சொல்வார்” என்றார். நாங்கள் சிரித்துவிட்டுத் தலை துவட்டினோம். அவர் சொன்னது எங்கள் செவியில் விழுந்தது; உள்ளத்தில் விழவில்லை.

அடுத்த வாரம் தரைக்கற்கள் வாங்கப் புதுச்சேரி சென்றோம். அம்மாவும் உடன் வந்தார். கட்டடக் கலை பயிலும் பேத்தி எங்களை ஒரு தெருவில் நிறுத்தி, அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியைக் காட்டினாள். உள்ளே செல்லும் அனுமதி எங்களுக்கு இல்லை. வெளியில் நின்றே பார்த்தோம்.

“ஏம்மா, இந்த வீட்டுக்குச் சன்னலே இல்லையா?” என்று அம்மா கேட்டார்.

“சுவர் முழுக்கச் சன்னல்தான், பாட்டி” என்றாள் பேத்தி.

வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடிக்குப் பதிலாக, வரிவரியாகத் திறந்து மூடும் கிடைமட்டப் பலகைகள். வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. கூரையிலும் கான்கிரீட்டுத் தளத்தின்மேல் வளைந்த ஓடுகளை இடைவெளி விட்டுப் பதித்து வெப்பத்தைத் தணித்திருக்கிறார்கள். இதை வரைந்தவர் செக் நாட்டில் பிறந்து தோக்கியோவில் பணியாற்றிய அந்தோனின் ரேமண்ட். சப்பான் நாட்டுக் கருய்சாவாவில் தூய பவுல் கத்தோலிக்க ஆலயத்தை 1935இல் எழுப்பியவரும் அவரே. இங்கு 1937இல் வேலை தொடங்கியபோது மேற்பார்வையிட்ட இளைஞர் சார்ச்சு நகாசிமா, ஊதியத்தைத் துறந்து ஆசிரமவாசிகளுள் ஒருவராகவே வாழ்ந்தார். கதவுப் பிடிகளுக்கான பித்தளையை, அன்பர்கள் கொடுத்த பாத்திரங்களை உருக்கி வார்த்தார்களாம். அதைக் கேட்டதும் அம்மா முகம் மலர்ந்தார்.

ரேமண்டுக்கு முன்னோடியாக விளங்கியவர் அமெரிக்கரான பிராங்க் லாயிடு ரைட். அவரிடம் பணியாற்றியே ரேமண்ட் 1919இல் சப்பானுக்கு வந்தார். அந்த ரைட்டிடம், பென்சில்வேனியாவில் ஓர் அருவிக்கருகே ஓய்வு இல்லம் வேண்டுமென்று காப்மன் என்னும் வணிகர் கேட்டார். அருவியைப் பார்த்தபடி வீடு அமையும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ரைட்டோ 1935இல் அருவியின் மேலேயே வீட்டை வரைந்தார். அருவியை வெறுமனே பார்க்காமல் அதனோடு வாழ வேண்டும் என்பது அவர் கருத்து. ‘ஃபாலிங்வாட்டர்’ எனப்படும் அவ்வீடு 1964 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

பேத்தி சொல்லிக்கொண்டே வந்தாள். ‘அதனோடு வாழ வேண்டும்’ என்ற சொல்லில் எங்கள் மனம் நின்றுவிட்டது. பாறையில் அமர்ந்திருந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அருவியோடு வாழ்வதற்கு ரைட் ஒரு மாளிகை எழுப்பினார். சாரலோடும் காற்றோடும் அம்மா ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் முற்றத்தையோ நாங்கள் இடிக்கவிருந்தோம்.

தரைக்கற்கள் வாங்காமலே திரும்பினோம். வண்டியில் யாரும் பேசவில்லை. அன்றிரவு, முதன்முறையாக அவரிடம் கேட்டோம்: “உனக்கு என்னம்மா வேணும்?”

“முற்றத்தை மட்டும் விட்டுடுங்க.”

இவ்வளவுதான். இதைக் கேட்க எங்களுக்கு இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன.

இப்போது உடைந்த ஓடுகளை மாற்றியிருக்கிறோம்; புதிய அறைகளைப் பின்கட்டில் எழுப்புகிறோம். செலவு கூடிவிட்டதென்று எங்களுள் ஒருவருக்கு இன்னும் மனக்குறை உண்டு. ஆயினும் மழை பெய்யும் மாலைகளில் அம்மா தாழ்வாரத்தில் கட்டிலைப் போட்டு அமர்ந்திருப்பதைக் காணும்போது அவரும் பேசாமல் அருகில் சென்று அமர்ந்துகொள்கிறார்.

வீடு கட்டுவோர் காற்று வரும் திசையைப் பார்க்கிறார்கள், வெயில் விழும் திசையைப் பார்க்கிறார்கள். அதில் வாழப்போகிறவரின் மனம் எத்திசையில் இருக்கிறதென்று யார் பார்க்கிறோம்? கேளாமல் கட்டிய வீட்டில் எத்தனை சன்னல்கள் வைத்துத்தான் என்ன?