தூங்கிய இஞ்சின்

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி” என்பது நம்மவர் பழமொழி. சங்கின் கதை எவ்வாறாயினும், நெடுநாள் சும்மா கிடந்த டீசல் இஞ்சினைப் பொறுத்தவரையில் இது அட்சரம் பிசகாத உண்மையாகும். பழைய படகொன்றை வாங்கச் செல்லும் அன்பர்கள், விற்பவர் சாவியைத் திருப்புவதற்கு முன் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும்.

நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் எமக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. தாயார் 30 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் பெற்றுக்கொள்ளலாம். அவ்வாறு கைக்கு வந்த பணத்தில் ஒரு படகு வாங்கி, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றலாமென்று மூத்த மகன் எண்ணினார். நீர்கொழும்புக் களப்பின் கரையில் ஒரு படகு விலைக்கு இருப்பதாகத் தகவல் கிடைத்தது. 25 அடி நீளம். டீசல் இஞ்சின்கள் இரண்டு. 2020 இல் நோய்த்தொற்றினால் பயணிகள் வராதொழிந்தபோது கரையேற்றப்பட்டது. 2022 இல் நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலத்தில் அதனை நீரில் இறக்குவார் யார்? பின்னரும் அது இறங்கவில்லை.

“ஓடியதே 400 மணித்தியாலந்தான். புதிது மாதிரி இருக்கிறது” என்றார் விற்பவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒழுங்காகப் பராமரித்த டீசல் இஞ்சின் பல்லாயிரம் மணித்தியாலம் உழைக்கும். உழைப்பு அதனைக் கொல்வதில்லை; கிடைதான் கொல்கிறது.

காரணத்தை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897 இல் இயக்கிக் காட்டிய இந்த இஞ்சினில், பெற்றோல் இஞ்சினைப் போல் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் காற்றை இறுக்க, இறுக்கத்தினால் காற்று கொதிக்க, அந்தச் சூட்டில் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இறுக்கம் போனால் எல்லாம் போயிற்று. கிடப்பில் உருளைச் சுவர் துருப்பிடிக்கும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். பாதி வெறுமையான தாங்கியில் இரவுக் குளிருக்கு நீர் கோக்கும். அந்நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கருஞ்சேறாகி வடிகட்டியை அடைக்கும். கடல்நீரை இறைக்கும் ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப்போகும்.

இவற்றையெல்லாம் எமக்குக் கூறியவர் தோட்டத்து ஸ்டோரில் இஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர். ஒருகாலத்தில் மலையகத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் ரோதைகளைச் சுழற்றியவை எண்ணெய் இஞ்சின்களே. 1950 இல் லக்ஸபான மின்நிலையம் தொடங்கிய பின்னர் அவை ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. 1965 இல் காசல்ரீ அணையும் எழுந்தது. இஞ்சின்களை உறங்க வைத்த அதே நீரில் இன்று இஞ்சின் படகு விட நினைக்கிறோம், வேடிக்கைதான். (ஓய்ந்த பொறிகளைக் காண விரும்புவோர் கண்டி ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குச் செல்லலாம். அதுவும் 1925 இல் எழுந்த தொழிற்சாலையே.) எமது முதியவரின் ஸ்டோரில் மின்வெட்டு நாளுக்கென ஓர் இஞ்சினை விட்டுவைத்திருந்தார்கள். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒரு முறை அதனை ஓட்டுவது அவர் வழக்கம்.

நீர்கொழும்புக்கு அவரையும் அழைத்துச் சென்றோம். விற்பவர் புதிய பற்றறியுடன் ஆயத்தமாக நின்றார். “கொஞ்சம் பொறுங்கள், ஐயா” என்று சொல்லிவிட்டு, முதியவர் கப்பியின் நடு நட்டில் நீண்ட ஸ்பெனரைப் பூட்டினார். இடப்பக்கத்து இஞ்சின் முனகிக்கொண்டு சுழன்றது. வலப்பக்கத்தது கால் சுற்று வந்து நின்றது. அவர் வலிந்து திருப்பவில்லை. எண்ணெய் தெளிக்கும் குழல்களைக் கழற்றினார். ஒரு துவாரத்திலிருந்து செந்நிற நீர் கசிந்தது. புகைக்குழாயில் கடல்நீர் கலக்கும் வளைவு உப்பினால் அரிக்கப்பட்டு, நீர் பின்வழியாக உருளைக்குள் இறங்கியிருந்தது. நீரைக் காற்றைப் போல் இறுக்க முடியாது. பற்றறியைப் பூட்டிச் சுழற்றியிருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்திருக்கும்.

மகனின் முகம் வாடியது. ஆசைப்பட்டுவிட்ட பிள்ளை, “பழுது பார்த்துக்கொள்ளலாமே, தாத்தா” என்றார். அதுவரை வாய் திறவாதிருந்த தாயார், “முப்பது வருடக் கொழுந்து, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பேரம் வேறு வழியில் நடந்தது. விற்பவர் நியாயஸ்தர், தம் கண்ணால் கண்டதை அவர் மறுக்கவில்லை. படகுக்கும் ஓர் இஞ்சினுக்கும் மட்டுமே விலை பேசினோம். அந்த இஞ்சினும் நீரில் இரண்டு மணித்தியாலம் ஓடிய பின்பே பணம் கைமாறும் என்றும் முடிவாயிற்று. முதியவர் இன்னொரு கணக்கையும் நினைவூட்டினார். காசல்ரீ கடல் மட்டத்துக்கு மேல் 3,500 அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. காற்று அடர்த்தி குறைந்த இடத்தில் சாதாரண டீசல் இஞ்சின் ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் வலுவிழக்கும். களப்பில் பத்துக் குதிரை இழுத்த படகை இங்கே ஒன்பதுதான் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேரை ஏற்றலாம் என்பதை அதற்கேற்பக் குறைத்தே முடிவு செய்தோம்.

அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக லொறியில் படகு மலையேறியது. வளைவுகளில் எதிரே வந்த பஸ்காரர்கள் சொன்னவற்றை இங்கு எழுதுவதற்கில்லை.

வலப்பக்கத்து இஞ்சின் ஹற்றனில் ஒரு பட்டறையில் திறந்தபடி இருக்கிறது. படகு ஒன்றைக் கொண்டே ஓடுகிறது. நேரே செல்லச் சுக்கானைச் சற்று ஒருபுறமாகப் பிடிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பயணிகள் அரிது. அந்நாட்களிலும் ஞாயிறு காலைகளில், தாங்கி நிறைய எண்ணெயோடும் மகன் ஒருவரோடும் அது மழையில் ஒரு சுற்று வந்து கரை சேர்கிறது.