கேண்டியின் 350 டாலர்

'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலைப் படித்தவர்களுக்கு ஜார்ஜும் லென்னியும்தான் நினைவில் நிற்பார்கள். 1937-ல் ஜான் ஸ்டெய்ன்பெக் எழுதிய அந்தக் கதையில், கலிஃபோர்னியா பண்ணையைக் கூட்டிப் பெருக்கும் கிழவர் கேண்டியையும் கொஞ்சம் கவனியுங்கள்.

அந்தப் பண்ணை வேலையில்தான் அவருக்கு ஒரு கை போனது. நஷ்டஈடு 250 டாலர். துணைக்கு இருந்தது ஒரு கிழட்டு நாய். 'நாறுகிறது' என்று சொல்லி, சக தொழிலாளி அதைக் கூட்டிப்போய்ச் சுட்டுவிடுகிறான். கேண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பெருக்க முடியாமல் போனால் தன்னையும் துரத்திவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதற்கு யாராவது தன்னையும் சுட்டால் தேவலை என்கிறார்.

இது வெறும் கிழவர் புலம்பல் இல்லை. 1935-ல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து தொழிலாளர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் பிறந்தபோது, பண்ணை வேலையாட்களை அதில் சேர்க்கவில்லை.

அதனால்தான் 600 டாலருக்கு நிலம் வாங்கலாம் என்று ஜார்ஜ் பேசியதும், தன் 350 டாலரைத் தருவதாகச் சொல்கிறார். சமைப்பேன், கோழிகளைப் பார்த்துக்கொள்வேன், செத்தால் என் பங்கும் உங்களுக்கே என்கிறார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி போன கைக்குக் கிடைத்த விலை!

லென்னியின் கையால் ஒரு பெண் இறந்த பிறகும், நாம் இருவராவது அந்த நிலத்துக்குப் போகலாமா என்று ஜார்ஜிடம் கேட்கிறார். ஜார்ஜ் பதில் சொல்வதற்கு முன்பே கேண்டி தலைகுனிகிறார். எல்லோரும் லென்னியைத் தேடிக் கிளம்பியதும், கேண்டி வைக்கோலில் படுத்துக் கையால் கண்களை மூடிக்கொள்கிறார்.